மூன்று பச்சை விளக்கும் ஒரு வயரும்

மீட்டர் கத்தினால் மானம் போகும். ஜாவாவில், கிளாத்தேன் ஊர்ப் பக்கம், எங்கள் சந்தில் இதை யாரும் எழுதி ஒட்டவில்லை என்றாலும் எல்லோருக்கும் தெரியும். கடையில் காசு கொடுத்து டோக்கன் எண் வாங்கி மீட்டரில் தட்டினால்தான் எங்களுக்குக் கரண்ட். வாங்கிய கரண்ட் தீரப்போகிறது என்றால் அந்தச் சனியன் வீட்டின் முன்சுவரில் உட்கார்ந்துகொண்டு பீப், பீப் என்று கத்த ஆரம்பித்துவிடும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்கிறதோ இல்லையோ, எதிர்வீட்டுக்காரர்களுக்கு நன்றாகக் கேட்கும். கேட்டவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மறுநாள் தேநீர்க் கடையில் "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று மட்டும் விசாரிப்பார்கள்.

பாக் பார்த்தோனோவுக்கு இந்தச் சத்தம் ஆகவே ஆகாது. பாக் என்றால் எங்களுக்கு ஐயா. அவர் சாதாரண ஆள் இல்லை. சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்திக் கொடுப்பவர். மணமக்கள் பந்தல் வாசலிலிருந்து மேடைக்கு வருகிற சிறு தூரத்துக்கு, அரண்மனைக் காலத்து ஜாவானிய மொழியில், கால் மணி நேரம் வர்ணனை சொல்வார். கொண்டையில் வைத்த மல்லிகைக்குத் தனியாக, நடக்கிற நடைக்குத் தனியாக, நிலம் அதைத் தாங்குகிற பெருமைக்குத் தனியாக. சொல்வது பாதிப் பேருக்குப் புரியாது. புரியாததால்தான் அவருக்கு அவ்வளவு மதிப்பு.

நடுவில் எங்கேயாவது கரண்ட் போய்விட்டால் அவருக்குக் கொண்டாட்டம். மைக் இல்லாமலே எட்டுக்கட்டைக் குரலில், "மாப்பிள்ளையோட அவசரத்தப் பாருங்க, பட்டப்பகல்லயே விளக்க அணைக்கச் சொல்லிட்டாரு," என்பார். பந்தலே சிரிக்கும். கல்யாண வீட்டுக்காரர் மட்டும் மீட்டருக்குக் கீழே நின்று வியர்த்துக்கொண்டிருப்பார். அந்த மனுஷரின் முகத்தைப் பார்த்தோனோ ஒருநாளும் திரும்பிப் பார்த்தது கிடையாது.

ஆனால் சுரோ மாதம் வந்தால் ஜாவாவில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. மைக்குக்கு வேலை இருக்காது, மீட்டருக்குத்தான் வேலை. அப்படி ஒரு சுரோ மாதத்தில் அவர் தலையில் ஷாம்பு நுரையோடு நிற்கும்போது மீட்டர் கத்தித் தொலைத்தது. துண்டோடு வெளியே ஓடி அதன் மேல் தலையணையை வைத்து அமுக்கியும் சத்தம் நிற்கவில்லை. சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. அந்த வாரமே, சந்துக்காரர்களின் மாதக் கூட்டத்துக்கு மின்சிக்கனக் கருவி விற்கிற ஆள் ஒருவன் வந்து சேர்ந்தான்.

கழுத்தில் டை, கையில் பெட்டி. ஒரு மின்விசிறியை ஓட விட்டான். அதன் வயரில் கரண்ட் அளக்கிற ஒரு கிடுக்கியை மாட்டி ஊசியைக் காட்டினான். பிறகு சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பக்கத்துப் பிளக்கில் சொருகினான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஊசி இறங்கியது. கூட்டம் "ஓ" என்றது.

கேள்வி கேட்டது யூ துமிரா ஒருத்திதான். யூ என்றால் எங்களுக்கு அக்கா. பார்த்தோனோவின் அடுத்த வீட்டுக்காரி, நடுவில் ஒரு மதில்தான். சந்து முனையில் தெம்பே என்கிற சோயாக் கட்டியைப் பொரித்து விற்பவள். பார்த்தோனோ அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்திலேயே இங்கே மருமகளாக வந்தவள். ஆகவே ஊரே பாக் என்று கூப்பிடுகிறவரை அவள் பார்த்தோ என்றுதான் கூப்பிடுவாள்.

"உன் ஊசி இறங்குது தம்பி, சரி. எங்க வீட்டு வாசல்ல இருக்கற மீட்டர் இறங்குமா?"

"அம்மா, இது கரண்ட்டைச் சுத்தப்படுத்துது. சுத்தமான கரண்ட் மெதுவாத்தான் செலவாகும்."

"அழுக்குக் கரண்ட்லதான் இத்தனை நாள் நல்லாப் பொரிச்சேன்," என்றாள் துமிரா. எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தோனோ சிரிக்கவில்லை. 'சுத்தமான கரண்ட்' என்ற சொல் அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. அழகான சொற்களை விற்றே பிழைக்கிற மனுஷர், அழகான சொல்லைக் கேட்டதும் விழுந்துவிட்டார். அங்கேயே ஒரு கருவியை வாங்கிவிட்டார்.

முதல் மாதம் டோக்கன் நாலைந்து நாள் கூடவே தாங்கியது. பார்த்தோனோ சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த மாதம் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேருக்குப் போய்க் கடையில் கிடந்ததை அவர் மனைவி வார்சினி நினைவுபடுத்தினாள்.

"அது வேற, இது வேற," என்றார்.

குளிர்சாதனப் பெட்டி திரும்பி வந்த மாதம் டோக்கன் பழையபடி தீர்ந்தது. "இந்தக் கருவி மட்டும் இல்லாம இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் தீர்ந்திருக்கும்," என்றார். அந்தப் பதிலை யாராலும் அசைக்க முடியாது. கருவி வேலை செய்தால் கருவியின் பெருமை. வேலை செய்யாவிட்டால், அது இல்லாமல் என்ன ஆகியிருக்குமோ என்ற பயம். இப்படி ஒரு வேலை கிடைத்தால் நாமெல்லாம் ராஜா மாதிரி இருக்கலாம்.

ஒருநாள் வார்சினி பெருக்கும்போது விளக்குமாறு பட்டுக் கருவி கீழே விழுந்து பிளந்தது. உள்ளே ஒரு குட்டி விளக்கு, விரல்நுனி அளவில் ஒரு குப்பி, மற்றபடி கனத்துக்காக ஊற்றி இறுகிய தார்க்கட்டி.

"பாக்னே, இதுல ஒண்ணுமே இல்லையே," என்றாள். பிள்ளைகளின் அப்பாவே என்று அர்த்தம்.

"அந்தக் கறுப்புக் கட்டிதாண்டி உயிர்நாடி. அதுலதான் கரண்ட் தங்கும்," என்றார் பார்த்தோனோ. அடுத்த வாரம் அதற்குப் பதில் மூன்று வாங்கி வந்து கூடத்தில் வரிசையாகச் சொருகிவைத்தார். இரவில் மூன்று பச்சைக் கண்கள் கூடத்தை முறைத்துக்கொண்டிருந்தன. இருந்த மூன்று பிளக்கும் போய்விட்டதால் வார்சினி சமையலறைக்குப் போய் இஸ்திரி போட்டாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விடலாம். ஆனால் முதல் கருவி உடைவதற்கு முன்பே ஒரு காரியம் நடந்துவிட்டது. அதை விட முடியாது.

எங்கள் வீடுகளுக்குத் தொள்ளாயிரம் வாட்தான். ஒரு சொட்டு அதிகமானாலும் மீட்டரின் ஸ்விட்ச் டப்பென்று விழுந்துவிடும். அதனால் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வயர் இழுப்பது வழக்கம். கேட்க வேண்டியதில்லை. விசேஷ வீட்டுக்காரர் வயர் முனையோடு வந்து நிற்பார், நாம் வாங்கிச் சொருக வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு நம் வீட்டு விசிறியை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டே அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுவோம்.

துமிரா தன் பேரனின் சுன்னத் விருந்துக்கு அப்படித்தான் வந்தாள். "இந்தா பார்த்தோ, இதச் சொருகிக்கோ. பாட்டுக்காரனுக்கு இது."

பார்த்தோனோவின் கை நீளவில்லை. அப்போதும் சுரோவை ஒட்டிய வறண்ட நாட்கள். மீட்டரில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. விருந்துக்கு வருகிற கூட்டத்துக்கு நடுவில் அது கத்தினால் என்ன ஆவது? யூ, மீட்டர்ல காசில்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே டோக்கன் போட்டிருப்பாள். ஆனால் அவருக்குச் சின்ன வார்த்தைகள் வராது.

"யூ, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டு மின்சாரம் இப்ப ஒரு சமநிலைக்கு வந்திருக்கு. வெளிச்சுமை ஏறினா அது கலைஞ்சிடும். மறுபடி கூடி வர மாசக்கணக்கா ஆகுமாம்."

"சமநிலை," என்றாள் துமிரா.

"ஆமா. கருவியோட தத்துவம் அப்படி."

அவள் வயரை முழங்கையில் நிதானமாகச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனாள். நான்கு வீடு தள்ளி வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவளிடம் ஒரு மாற்றம். சண்டை போட்டிருந்தால் சரியாகியிருக்கும். அவள் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். பார்த்தோ போய், 'ஐயா தாங்கள் நலமா', 'தாங்கள் உணவருந்தியாயிற்றா' என்று வந்தது. இரண்டு வருஷமாக, காலையும் மாலையும், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஜாவாவில் ஒருவரைச் செருப்பால் அடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. எல்லாருக்கும் உயர்ந்த மொழி பேசிக் கொடுக்கிற பார்த்தோனோவுக்கு அந்த மொழியைக் கேட்டாலே சோறு இறங்காமல் போயிற்று.

இந்த நிலையில்தான் மகள் வெனிங்குக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை செமாராங்காரர். சம்பந்திகள் ஒரு பஸ் நிறைய வருகிறார்கள். ஒலிபெருக்கி கீத்தோ முந்தின நாள் வந்து ஆளுயரப் பெட்டிகளை இறக்கிவிட்டுக் கேட்டான்: "எந்தெந்த வீட்டுல கரண்ட் எடுக்கறோம் பாக்?"

"எந்த வீட்டுலயும் எடுக்க வேண்டாம்."

"அப்ப ஜெனரேட்டர் வருதா?"

"மூணு கருவி வச்சிருக்கற வீட்டுக்கு ஜெனரேட்டர் எதுக்கு? ஊர் சிரிக்கும்."

கீத்தோ மூன்று பச்சை விளக்கையும் பார்த்தான், வார்சினியைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். இரவு படுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"யூகிட்டப் போய் ஒரு வார்த்தை கேளுங்க பாக்னே. நம்ம பொண்ணு கல்யாணம்."

"என்னன்னு கேக்கறது? அன்னைக்கு அவங்க கையில வயரோட நின்னாங்க, நான் தத்துவம் பேசினேன். இப்பப் போய் நின்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கறது?"

"இருக்கற மூஞ்சிதான்."

கருவி காப்பாற்றும் என்று அவர் நம்பினாரா என்றால், துமிராவிடம் போய்க் கேட்காமல் தப்பிக்க அதைத்தான் நம்பியாக வேண்டியிருந்தது.

விடிந்ததும் சந்துப் பெண்கள் எல்லோரும் கத்தியும் பலகையுமாகச் சமையலுக்கு வந்துவிட்டார்கள். துமிராவும் வந்தாள். மனஸ்தாபம் இருந்தாலும் கல்யாண வீட்டுச் சமையலுக்கு வராமல் இருக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. "தங்கள் இல்லத்து மங்கலத்துக்கு என் வாழ்த்துக்கள்," என்று பார்த்தோனோவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பலாக்காயை வெட்ட உட்கார்ந்தாள். வெட்டு ஒவ்வொன்றும் பலமாகவே விழுந்தது.

கரண்ட்டில் வேகிற சோற்றுக்கலத்தைப் போட்டார்கள். டப். ஸ்விட்ச் விழுந்தது. பார்த்தோனோ ஸ்டூல் போட்டு ஏறித் தூக்கிவிட்டார். நீரிறைக்கும் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். கீத்தோ பாட்டைப் போட்டான். டப். குளிர்சாதனப் பெட்டியைப் பிடுங்கினார்கள். பந்தல் விசிறிகளைப் போட்டார்கள். டப். விசிறிகளில் பாதியை நிறுத்தினார். சோற்றை விறகடுப்புக்கு மாற்றச் சொன்னார். வெனிங்குக்குக் கூந்தல் அலங்காரம் செய்கிறவள் காற்றூதியைப் போட்டாள். டப். அரைத்தலை காய்ந்தபடி உட்கார்ந்திருந்தது பெண். வீட்டில் மனிதர்களுக்குப் பயன்படுகிற ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டது. பிடுங்கப்படாமல் இருந்தவை அந்த மூன்று கருவிகள் மட்டும்தான். அவை சேமித்துக்கொண்டே இருந்தன.

"பாக், அந்த மூணையும் எடுத்துட்டா எனக்காவது பிளக்கு கெடைக்கும்," என்றான் கீத்தோ.

"அதுல கை வைக்காதே."

நடுவில் இரண்டு தடவை பார்த்தோனோ சமையலறை வாசல்வரை போனார். முதல் தடவை, "இந்த அடுப்படியின் புகையெல்லாம் அன்பின் நறுமணம்," என்று ஏதோ வந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த தடவை துமிரா தலையை நிமிர்த்தி, "தாங்கள் ஏதும் தேடுகிறீர்களா?" என்று கேட்டாள். "உப்பு," என்றார். கல்யாண உடுப்பில், தலைப்பாகையும் இடுப்பின் பின்னால் செருகிய குறுவாளுமாக, ஒரு பிடி உப்போடு திரும்பி வந்தார்.

சம்பந்தி பஸ் வந்தது. பெற்றவர் தன் வீட்டுக் கல்யாணத்தில் மைக் பிடிக்கக் கூடாது என்பதால் அடுத்த ஊர் பாக் ஜுமெனோவைப் பேசியிருந்தார்கள். தொழிலில் பார்த்தோனோவுக்குப் போட்டி. ஜுமெனோ தொண்டையைச் செருமிக்கொண்டு வர்ணனையை ஆரம்பித்தார். ஒலிபெருக்கியில் வரவேற்பு வாத்தியம் ஒலித்தது. மணமக்கள் கைகோத்து, அடிமேல் அடி வைத்து, கால் தூக்கி நிறுத்தி வருகிற அந்த ராஜ நடை தொடங்கியது. வெனிங் மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கினாள்.

டப்.

வாத்தியம் செத்தது, விசிறிகள் நின்றன, மைக் ஊமையானது. இசை நின்றால் நடக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால் பெண் தூக்கிய காலோடு நின்றாள். மாப்பிள்ளை அவளைப் பிடித்துக்கொண்டார். பந்தலுக்குள் பஸ் நிறையச் சம்பந்திகள் அமைதியாக வேர்த்தார்கள். அந்த அமைதியில் ஜுமெனோவின் குரல் எழுந்தது.

"மாப்பிள்ளையோட அவசரத்தப் பாருங்க, பட்டப்பகல்லயே விளக்க அணைக்கச் சொல்லிட்டாரு."

பந்தலே சிரித்தது. மீட்டருக்குக் கீழே ஸ்டூலின் மேல் நின்றிருந்த பார்த்தோனோவுக்கு, தன் வாயிலிருந்து வருஷக்கணக்காகப் போன நக்கல் இப்போது யார் தலையில் வந்து இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது. இதே இடத்தில் நின்று வியர்த்த அத்தனை தகப்பன்மாரையும் முதல்தடவையாக நினைத்தார். மகள் கண்ணுக்கு மையிட்டிருந்தாள். அது கலங்கத் தொடங்கியதை அங்கிருந்தே பார்த்தார்.

இறங்கி நேரே சமையலறைக்கு நடந்தார். துமிராவுக்கு முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். அரண்மனை மொழியில் ஒன்றும் வரவில்லை.

"யூ," என்றார். "எனக்குக் கரண்ட் குடுங்க."

கத்திகளெல்லாம் நின்றன. துமிரா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சமநிலை கலைஞ்சிடாதா?"

"கலையட்டும் யூ. அன்னைக்கு மீட்டர்ல காசில்ல. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் உளறினேன்."

துமிரா கத்தி முனையால் ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். மதிலின் இந்தப் பக்கம், துவைத்துப் போட்ட ஒரு பழைய துணியின் அடியில், மூன்று தலையுள்ள வயர்ப்பெட்டி ஒன்று தொங்கியது. அவள் வீட்டிலிருந்து வந்தது. துணியின் மேல் காலைப் பனி பட்டுக் காய்ந்த தடம் இருந்தது.

"விடியறதுக்கு முன்னயே போட்டாச்சு. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும், உன் பொண்டாட்டி உட்பட. கேட்டா குடுக்கலாம்னு உக்காந்திருந்தேன். நீ வந்து உப்பு கேட்டே."

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க வாயில் முந்தானைத் துணியை வைத்தாள். வார்சினி தரையைப் பார்த்தாள்.

"அந்த மூணு பச்சைக்கண்ணனையும் முதல்ல கழட்டு," என்றாள் துமிரா. "என் வீட்டுக் கரண்ட் அதுங்களுக்கு விளக்கேத்த வரல. ஓடு பார்த்தோ. புள்ள ஒத்தக் கால்ல நிக்குது."

பார்த்தோ. இரண்டு வருஷத்துக்குப் பிறகு. குறுவாள் முதுகில் இடிக்க அவர் கூடத்துக்கு ஓடி மூன்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மீட்டரின் ஸ்விட்சைத் தூக்கிவிட்டார். கீத்தோ வயரை இழுத்தான், வாத்தியம் எழுந்தது, வெனிங் காலைக் கீழே வைத்தாள். நின்றதே ஒரு சடங்கு என்று செமாராங்காரர்கள் சிலர் நினைத்துக்கொண்டார்கள். ஜுமெனோ மல்லிகை வர்ணனைக்குப் போனார். பார்த்தோனோவின் மீட்டர் எண் எப்போதும் போல அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கருவிகள் போனது அதற்குத் தெரியவே இல்லை.

பந்தி பாதி நடக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

பீப். பீப். பீப்.

பார்த்தோனோவின் கை சோற்றுக் கரண்டியோடு நின்றது. ஆனால் அது அவர் மீட்டர் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், துமிராவின் முன்சுவரிலிருந்து வந்தது. அவள் வீட்டுக் கரண்ட் அவர் பந்தலில் தீர்ந்துகொண்டிருந்தது. சந்துக்காரர்களும் சம்பந்திகளும் அவள் மீட்டர் கத்துவதைக் கேட்டார்கள். துமிரா கனமான ஒரு குழம்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தாள். சத்தம் காதில் விழாதவள் போல அடுத்த இலைக்குப் பரிமாறினாள்.

பார்த்தோனோ கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். செருப்பு மாட்டவில்லை. பெண்ணைப் பெற்றவர் முழுக் கல்யாண உடுப்பில், சரிகைத் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்து முனைக் கடைக்கு வெறுங்காலோடு ஓடுவதைச் சம்பந்திகள் பந்தலை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். திரும்பி வந்தார், கையில் டோக்கன் சீட்டு. மூச்சிரைத்தது. துமிராவின் மீட்டருக்கு முன்னால், எல்லோரும் பார்க்க, எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். எண் சரியாகத் தெரியாமல் தப்பாகி மறுபடி முதலிலிருந்து தட்டினார்.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தட்டுடா," என்று பந்தியிலிருந்து துமிராவின் குரல் வந்தது.

சத்தம் நின்றது.